பாட்டு வரிசை

அம்சாவின் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று வகுப்புக்குள் நுழைந்த அந்த அம்மாள், அதைத் தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்தாள்.

பாட்டு நின்றது. ஆர்மோனியம் மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டு அடங்கியது.

அம்சா வாசற்படியிலேயே நின்றாள்.

தலைமையாசிரியர் சுப்பராயலு திண்டிவனத்தில் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து, வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஏழாம் வகுப்புக்குப் புத்தகம் கிடையாது. வளர்கிற வயதில் பிள்ளைகளுக்குத் தலை மட்டும் வளர்ந்தால் போதாது, குரலும் கையும் மனசும் சேர்ந்து வளர வேண்டும், அதுதான் முழுமையான கல்வி என்பார். மனசாரத்தான் சொல்வார்.

அதனால் பிள்ளைகளுக்குப் பாட்டு, சித்திரம், சடுகுடு.

சேரியிலிருந்து வந்த அம்சாவுக்குத் துடைப்பம். அதே சேரி இருதயராஜுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் குடம். இது கைக்கான கல்வி என்று அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

அந்த அம்மாளின் புடவையெல்லாம் செம்மண். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் பேசினாள்.

"பாடிக்கினு இருக்கிற புள்ளைங்களுக்கும் கை இருக்குது இல்லீங்களா? இத அதுங்க கையில குடுங்க. இந்தப் பொண்ணுக்கும் வாயி இருக்குது. அதுக்கு ஒரு பாட்டு குடுங்க."

சேரிப் பொம்பிளை ஒருத்தி தன் மேசைக்கு முன்னால் நின்று பேசுவாள் என்று சுப்பராயலு நினைத்துப் பார்த்ததே இல்லை. முகம் சிவக்க அம்சாவின் பக்கம் திரும்பினார். திங்கட்கிழமை உன் அம்மா வந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் உன் பெயரை அடித்துவிடுவேன் என்றார்.

அந்த அம்மாள் அதைக் கேட்க நிற்கவில்லை. வந்த வழியே இறங்கிப் போய்விட்டாள்.

இப்போது எல்லாக் கண்களும் அம்சாமேல்தான். துடைப்பம் மேசைமேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அம்சா உள்ளே வந்தாள். மேசையைத் தாண்டிப் பாட்டு வரிசைக்குப் போனாள். ஒருத்தியும் நகர்ந்து இடம்விடவில்லை. இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மா வர மாட்டாங்க சார்."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தாள். முற்றம் பெருக்கப் பெருக்கக் கேட்டு மனப்பாடமான பாட்டுத்தான். முதலில் குரல் உடைந்தது. பிறகு தெளிந்தது.

பாட்டு வாத்தியார் பாண்டுரங்கன் தலைமையாசிரியர் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்தபடி ஆர்மோனியத்தை அழுத்தினார். மேசைக்குப் பின்னால் நின்றிருந்தவர் கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் அம்சாவைப் பெற்ற வெள்ளையம்மாள் மணியக்காரர் கொல்லையில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்தது காதில் விழுந்தால் திங்கட்கிழமை விடிவதற்குள் ஓடிவந்து சுப்பராயலுவின் காலில் விழுந்துவிடுவாள். அம்சா அவளிடம் சொல்லப் போவதில்லை.

சேரிப் பெண்களின் முகத்தைச் சுப்பராயலு ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவருக்கு எல்லாரும் ஒன்றுதான்.

சன்னலுக்கு வெளியே, சாலையோரப் புளியமரத்தடியில், விறகுச் சுமையை முழங்காலில் முட்டுக்கொடுத்துத் தானே தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். அதைத் தூக்கிவிடச் சொல்லித்தான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த அம்சாவைக் கூப்பிட்டிருந்தாள். நீ ஏன் பாடலை என்றும் கேட்டிருந்தாள்.

எந்த ஊர், என்ன பேர் என்று அம்சாவுக்குத் தெரியாது.