நடுத்தாள்

கண் சோதிக்கும் அந்தக் கனத்த வட்டச் சட்டத்தை அவள் மாமனாரின் மூக்கில் மாட்டினாள்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவரை, கண்ணாடிக் கடை முதலாளியம்மாதான் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். "மருமக வேலை பாக்குற கடையிலயே மாமனாருக்குக் கண்ணாடி இல்லைன்னா, எங்களை எவன் நம்பி வருவான்?"

நியாயமான கேள்விதான். பதினொரு மாதமாக அவர் தட்டிக் கழித்துவந்த சோதனை இது. அவளும் வற்புறுத்தியதில்லை.

விமானம் காணாமல் போன எட்டாம் நாள்தான் அவர் முதன்முதலாக, எழுத்தெல்லாம் கலங்குகிறது என்றார். ஒரே மகன் ஏறிய விமானம். அழுது அழுது மங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். அன்றிலிருந்து தினமும் மாலையில் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, எதிரே உட்கார்ந்திருக்கும் அவருக்கு அவள்தான் படித்துக் காட்டுகிறாள்.

படித்துக் காட்டுகிறாள் என்பது பாதி உண்மை.

பேப்பரில் ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்றான் ஒருவன். விமானியே திசை திருப்பிவிட்டார் என்றான் இன்னொருவன். எரிபொருள் கணக்குப் போட்டு, கடலில் விழுந்த இடத்தைப் புள்ளி வைத்தே காட்டினான் ஒரு நிபுணன். ஆள் பிழைக்க வழியில்லாத எந்த ஊகமும் அவள் வாயிலிருந்து வெளியே வரவில்லை. பெயர் தெரியாத ஒரு தீவு இருக்கிறது, அதில் பழைய ஓடுதளம் இருக்கிறது என்று ஒரே ஒரு நாள் நாலு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தினமும் சொந்தமாக வளர்த்தாள்.

அவரும் லேசில் விடமாட்டார். அங்கே குடிக்கத் தண்ணீர் இருக்குமா என்பார். இருநூறு பேரில் ஒரு டாக்டர் இல்லாமலா போவார், ஒரு சமையல்காரர் இல்லாமலா போவார் என்பார். உன் புருஷன் அங்கேயும் உப்பு பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருப்பான் என்பார். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் மறுநாள் எழுந்தாள்.

இன்று காலை கடைப் பேப்பரின் நடுத்தாளில், ஒரு மூலையில் அந்தச் செய்தி இருந்தது. தேடுதல் நிறுத்தப்படுகிறது. பயணிகள் அனைவரும் இறந்துவிட்டதாகக் கருதப்படும். ஐந்து முறை படித்தாள். வீட்டுப் பேப்பரில் நல்லவேளையாக நடுத்தாளே இல்லை. பேப்பர்காரன் விட்டுவிட்டான் என்று மாமனார்தான் காலையில் சொன்னார். அந்தப் பேப்பர்காரன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் கண்ணாடி வந்துவிட்டால் இனி அவரே படிப்பார். தீவு மூழ்கிவிடும்.

அதனால் செய்யக் கூடாததைச் செய்தாள். கண்ணாடி போடும் ஆசையில் கண் தெரியவில்லை என்று புளுகும் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க, பவரே இல்லாத வெறும் கண்ணாடி வட்டம் இரண்டு, சோதனை லென்ஸ் பெட்டியின் ஓரத்தில் இருக்கும். அவற்றை எடுத்துச் சட்டத்தில் செருகினாள். ஒன்றும் தெரியவில்லை என்பார். இதற்குக் கண்ணாடி சரிப்படாது மாமா, நானே படிக்கிறேன் என்று சொல்லிவிடலாம்.

எழுத்து அட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கைகட்டி நின்று கவனித்துக்கொண்டிருந்த முதலாளியம்மாவைப் பார்த்தார். மருமகள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். பெரிய எழுத்து, நடு எழுத்து, பொடி எழுத்து. கடைசி வரியும் முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். எந்தக் காகிதத்தை எடுத்தாலும் யார் அச்சடித்தது என்று பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். அட்டையின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த அச்சகத்தின் முகவரியையும் கதவு எண்ணோடு சேர்த்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க மருமக போட்டுவிட்டா அப்படித்தான்," என்றார், பெருமை பொங்க.

முதலாளியம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, உள்ளே வந்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனாள்.

சட்டத்தில் இருந்தது பவரே இல்லாத வெறும் கண்ணாடி.

அந்த எட்டாம் நாள் நினைவுக்கு வந்தது. ஒரு வாரமாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளை, கையில் பேப்பரோடு வந்து அவர் எழுப்பிய நாள். எழுத்தெல்லாம் கலங்குதும்மா, கொஞ்சம் படிச்சுக் காட்டேன் என்று கேட்ட நாள்.

பேப்பர்காரன் எந்தத் தாளையும் விடவில்லை.

சட்டத்தைக் கழற்றினாள். கழற்றுகிற சாக்கில் அவர் கன்னத்தை ஒரு கணம் தொட்டாள். இவரும் இல்லாவிட்டால் தனக்கு யார் என்று இருந்தது.

"கண்ணாடி வர ஒரு வாரம் ஆகும் மாமா. அதுவரைக்கும் நானே படிக்கிறேன்."

"எனக்கென்னம்மா அவசரம்? இன்னைக்கு என்ன போட்டிருக்கான், பாரு."

மேசையில் கடைப் பேப்பர் நடுத்தாளோடு விரிந்து கிடந்தது. அவளுக்கு நேராக, எதிரே இருந்த அவருக்குத் தலைகீழாக. அச்சுக் கோத்து, தலைகீழ் எழுத்தையே ஆயுசு முழுக்கப் படித்துப் பழகிய கண்கள் தாளின் மேல் மெல்ல நகர்ந்து, ஒரு மூலையில் நின்றன.

சாப்பாட்டு டப்பாவை எடுத்து, தற்செயலாக வைப்பதுபோல, அந்த மூலையின் மேல் வைத்தார்.

"தீவுல நேத்து நல்ல மழையாம் மாமா," என்று அவள் படிக்க ஆரம்பித்தாள்.

டப்பாவை நகர்த்தவில்லை.