முள் காட்டிய ஏழு

அன்று நடந்தது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம்தான். லாரியில் பொருத்திய கம்ப்ரசரின் சேஃப்டி வால்வு, அழுத்தம் பத்தைத் தொட்டால்தான் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். அது ஏழிலேயே சீறியது. மெக்கானிக் நான்தான். மூன்று வால்வு மாற்றியும் அதே சீற்றம்.

லாரியை ஓட்டுபவர் என் தங்கை கணவர். அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜை அவர் தட்டிப் பார்த்தார்.

"மச்சான், முள்ளு பொய் சொல்லுதோ?"

"போன வாரம் நானே மாட்டினது மாப்ள. நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க, போதும்."

"வேற கேஜ் ஒண்ணு வச்சுப் பாத்துடலாமே?"

"எனக்கே பாடமா?"

வால்வைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டை வைத்து இறுக்கினேன். சத்தம் நின்றது.

"கைராசிக்காரர்தான்" என்று அவர் சிரித்தார்.

முள் பத்தைத் தொடும் முன்பே கம்ப்ரசரின் பழைய காற்று டேங்க் வெடித்தது. மூன்று வால்வும் சரியான அழுத்தத்தில்தான் திறந்திருக்கின்றன; முள்தான் குறைத்துக் காட்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் நினைவிருக்கிறது. மாட்டும்போது அந்த கேஜ் என் கை தவறி சிமெண்ட் தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் இன்னும் அதே ஷெட்டில்தான் வேலை செய்கிறேன். தங்கை என்னோடு பேசுவதில்லை. மாப்பிள்ளை பேசுகிறார், நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது.