கஜந்தினியோட கோணத் தையலு

"எட்டி கஜந்தினி, இது தையலா, இல்ல நண்டு ஓடுன தடமா?"

என்னால கேக்காம இருக்க முடியல. யாழ்ப்பாணத்துக்காரி அவ, ஷார்ஜா பக்கம் அஜ்மான்ல அபாயா அங்கிக் கடை டெய்லரு. பட்டன் ஓட்டையக்கூட ஸ்கேல் வச்ச மாதிரி தைக்கிறவ. போர்வக்கு அவ தச்ச துணிக் கட்டம் இப்ப கோணக்கோணலா கெடக்கு.

"கை நோகுதக்கா," ன்னா. "கிழமை முழுக்கக் கடையில தைச்சுப்போட்டுத்தானே வாறன்."

"கடைக்குன்னா நேரா வரும். நமக்குன்னாதான் கை நோவும், என்ன?"

அவ குனிஞ்சு தச்சுக்கிட்டே இருந்தா.

வருசத்துக்கு ரெண்டு தடவை நாங்க நாலு பேரு இப்பிடிக் கூடுவோம். உம்மு ஹானியோட நாத்தனா குடும்பத்தோட ஊருக்குப் போனா, பிளாட்டு சாவி இவ கையில. சனி, ஞாயிறு ரெண்டு நாளு. டியூட்டி கிடையாது, சோறு என்னாச்சுன்னு கேக்க மாப்பிள்ள கிடையாது. பழைய சேல, சுரிதாரெல்லாம் வெட்டி ஒட்டுப்போர்வ தைப்போம். ஆளுக்கு ஒரு பெரிய கட்டம். மிஷின் கூடாது, கையாலதான். ஞாயித்துக்கிழம நாலையும் சேத்தா ஒரு போர்வ.

இத ஆரம்பிச்சு வச்சதே சுகிர்தாக்காதான். சுகிர்தராணி, நர்சு. எனக்கெல்லாம் ஊசி பிடிக்கப் பழக்குனதே அவங்கதான். ஆறு மாசத்துக்கு முன்னால பாத்ரூம்ல வழுக்கி, வலது மணிக்கட்டு ஒடஞ்சி, உள்ள பிளேட்டு வச்சாச்சு. கை இன்னும் லேசா ஆடுது. வார்டுல ஊசி போட்ட ஆள இப்ப ஃபைல் அடுக்க விட்டிருக்காங்க.

காலையில வந்ததும் அவங்க ஊசிப்பெட்டிய மேச மேல வச்சாங்க.

"இத நீங்களே வச்சுக்கங்க. எனக்கு இனி வேண்டாம். நான் சாயா போட்டுத் தாறேன், நீங்க தைங்க."

கஜந்தினிதான் பெட்டிய மெல்ல எடுத்து ஓரமா வச்சா.

இப்ப அந்த சாயாவோடதான் வந்தாங்க. கண்ணாடியப் போட்டு கஜந்தினி கட்டத்தப் பாத்தாங்க. வந்ததுல இருந்து அப்பதான் சிரிச்சாங்க.

"டெய்லரு ஒனக்கே இந்தக் கதின்னா எனக்கு என்ன கேடு? ஒரு ஊசியில நூலக் கோத்துத் தா பாப்போம்."

உக்காந்தவங்க சாப்பாடு வரைக்கும் எந்திரிக்கல. தையலு மேல போவுது, கீழ எறங்குது, நின்னு நடுங்குது. என் நாக்கு அரிச்சுது. ஆனா எனக்கும் கொஞ்சம் புத்தி இருக்கு. உம்மு ஹானி பக்கம் திரும்பிக்கிட்டேன். பாத்தா அங்கயும் கோணலு.

"ஒனக்கும் கை நோவா?"

"எனக்குக் கண்ணு மங்கலாத் தெரியுது. நீ ஒன் வேலயப் பாரு, ஜெசிந்தா."

"நல்லதாப் போச்சு. உங்க மூணு பேருக்கும் நடுவுல என் கட்டத்த வச்சா மொத ரேங்க் வாங்குன மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துல வாங்காதத இங்கயாவது வாங்குறேன்."

உம்மு ஹானியும் கஜந்தினியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

மத்தியானம் மீன் கொழம்பு. தின்னுட்டு மூணு பேரும் ஏசியப் போட்டுச் சாஞ்சாச்சு. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. நாளைக்குச் சேக்கணும், நாலுல மூணு கோணல்னா அது போர்வையா? சுகிர்தாக்காவோடதத் தொட்டா பாவம். கஜந்தினியோடதப் பிரிச்சு நேரா தச்சு வச்சிருவோம்னு கத்திரிய எடுத்தேன்.

ரெண்டு தையலு வெட்டுனேன். நூல உருவ, துணியத் திருப்புனேன்.

மறுபக்கம் சாக்பீஸ் கோடு. கோடே கோணலு, சுகிர்தாக்கா தையலு போற மாதிரியே. மேல போவுது, கீழ எறங்குது, நின்னு நடுங்குது. முதல்ல கோணலா வரஞ்சிக்கிட்டு, அந்தக் கோட்டு மேல முடியளவு பிசகாம தச்சிருக்கா. பொடிப்பொடித் தையலு, எல்லாம் ஒரே அளவு. கை நோவுறவ தச்சது இல்ல அது.

கத்திரியக் கீழ வச்சேன். பெறவு உம்மு ஹானியோடதத் திருப்பிப் பாத்தேன்.

அங்கயும் சாக்பீஸ்.

"வெட்டிப்போட்டியளோ அக்கா?" படுத்துக்கிட்டே ஒரு கண்ணத் தொறந்து கேக்கா கஜந்தினி, குசுகுசுன்னு.

"ரெண்டே ரெண்டுதான். ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"உங்களிட்டச் சொன்னால் பின்னேரத்துக்குள்ள ஷார்ஜா வரைக்கும் போயிடுமெல்லே."

உள்ளதத்தான சொல்லுதா.

அதுக்குள்ள சுகிர்தாக்கா எந்திரிச்சுட்டாங்க. மேசயத் தடவுறாங்க.

"என் ஊசிப்பெட்டி எங்கட்டி?"

"நீங்கதானக்கா எங்களுக்குத் தந்தீங்க."

"தந்தா எடுத்துக்கிடுவீங்களோ? கொண்டா இங்க. நாளைக்கு ஓரம் நான்தான் அடிப்பேன்."

பெட்டிய மடியில வச்சுக்கிட்டு நாலு கட்டத்தயும் தரையில பரப்பிப் பாத்தாங்க. கண்ணாடிய ஏத்துனாங்க, எறக்குனாங்க.

"மூணும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. ஜெசிந்தா, ஒன்னோடது மட்டும் ஏன்டி ஒட்டாம நிக்கி?"

"அவசரத்துல தச்சிட்டேங்க்கா," ன்னேன். "பிரிச்சு ஒழுங்கா தச்சிருதேன்."

கஜந்தினி தலகாணிக்கு அடியில இருந்து சாக்பீஸ எடுத்து, அக்கா பாக்காத நேரமா என் கையில வச்சா.