போகப்போகப் பழகிரும்

“ராஜகுமாரி, சிலோன்காரரு இருக்காரா? எங்க வீட்டு மோட்டாரு ஓடல, வந்து பாக்கச் சொல்லு.”

மலையூரான செண்பகனூரில், பக்கத்து வீட்டு சர்புன்னிசா வாசலில் நின்றே கேட்டாள்.

“கனடாவுல இருக்க மககூட போன்ல இருக்காருக்கா. இப்ப எந்திரிக்க மாட்டாரு” என்றாள் ராஜகுமாரி. “தெனமும் ஒரு மணி நேரம் இதே புலம்பல். குளிரு தாங்கலயாம். டீயை வாயில வைக்க முடியலயாம். பக்கத்து வீட்டுக்காரங்க பேரச் சொல்லிக் கூப்பிடாம, வந்த நாட்டைச் சொல்லியே கூப்பிடுறாங்களாம்.”

சர்புன்னிசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப பேரு வச்சது எதுக்காம்? என்ன சென்மங்களோ! பாவம், பிள்ளை போயி மூணு மாசந்தானே ஆச்சு?”

“பிள்ளைக்கு என்னக்கா? அது போன மறுநாளே பழகிருச்சு. நான் சொல்றது எங்க வீட்டுக்காரர. கண்டியில இருந்து வந்து நாப்பது வருசமாச்சு, இன்னும் புலம்பல் ஓயல!”

சர்புன்னிசா கதவைப் பிடித்துக்கொண்டு அவர் பேரை யோசித்துப் பார்த்தாள். வரவில்லை.

உள்ளே போனில் மகளின் குரல் கேட்டது: “அழாதீங்கப்பா. புது ஊருன்னா அப்படித்தான். போகப்போகப் பழகிரும்.”