பயந்தாங்கொள்ளி

"அப்பா, பயமா இருக்கு! கையைப் பிடிச்சுக்கோப்பா!"

காட்டுப் பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அதே அலறல். பின்னால் ஏறிக்கொண்டிருந்த டீச்சர் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தாள்.

வருஷம் முழுக்க மழலையர் பள்ளியில் குழந்தைகளோடு மாரடிக்கிறவள். லீவுக்கென்று கணவரோடு மலையேற வந்தால் இங்கேயும் ஒரு குழந்தை அழுகிறது. கண்டும் காணாமல் போக அவளால் முடியவில்லை.

முன்னால் போன ஆளின் முதுகில் ஒரு பெரிய பை. அவர் கையைப் பிடித்தபடி யூகேஜி படிக்கிற வயதில் ஒரு பெண் குழந்தை. பாதையோ செங்குத்து. ராத்திரி பெய்த மழையில் மரத்தின் வேரெல்லாம் வழுக்கியது. அந்த ஆள் குழந்தையின் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஏறிக்கொண்டே இருந்தார்.

"இழுத்துட்டுப் போறதைப் பாருங்க. மனுஷனா இவன்?"

"நமக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார் கணவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"கால் தவறினா கீழே பள்ளத்தாக்கு. அப்பவும் ஊர் வம்புன்னுதான் சொல்வீங்களா?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். வீட்டிலேயே எடுபடாத பேச்சு, காட்டிலா எடுபடப் போகிறது?

டீச்சர் எட்டி நடை போட்டு அந்த ஆளைப் பிடித்துவிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. குழந்தை இப்படிக் கத்துதே, காதுல விழலையா?"

அவர் நின்றார். முகமெல்லாம் வியர்வை. "விழுதுங்க."

"வீட்டுல விட்டுட்டு வர வேண்டியதுதானே?"

"இவ அம்மா மேல இருக்கிற விடுதியில சமையல் வேலை பார்க்கிறா. வழுக்கி விழுந்து கால்ல கட்டு. மழையில ஜீப் ரோடும் சரிஞ்சுபோச்சு, அவளால இறங்கி வர முடியலை. நாங்கதான் போய்ப் பார்க்கணும்."

"சரி, நீங்க போய்ப் பாருங்க. இந்தச் சின்னது எதுக்கு?"

அவர் மேலே போகிற பாதையைப் பார்த்தார். "இவளை விட்டுட்டு வர முடியலைங்க."

"அப்போ தூக்கிக்கவாவது கூடாதா?"

அவர் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி ஏறத் தொடங்கினார். பாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தது. கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாவம், அழுது அழுது வற்றிவிட்டது போல என்று டீச்சருக்கு மனசைப் பிசைந்தது.

மேலே போகப் போகப் பாதை குறுகியது. ஓரிடத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. எட்டிப் பார்த்தால் கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

"அப்பா, பயமா இருக்கு!"

இதற்கு மேல் டீச்சரால் பொறுக்க முடியவில்லை. "நீ வா கண்ணு, டீச்சர் தூக்கிட்டுப் போறேன்" என்று குழந்தையை வெடுக்கென்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க... அவளை விட்டுடுங்க..." அவர் குழந்தைக்காகக் கையை நீட்டினார்.

"நீங்க நிதானமா வாங்க சார். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை."

பாறையை ஒட்டி ஒட்டி நடந்தாள். பாப்பாவிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. பிடிக்கிற விதத்தில் பிடித்தால் பிள்ளை ஏன் அழப் போகிறது என்று அந்த நேரத்திலும் டீச்சருக்கு ஒரு பெருமை.

அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஆள் பாதி வழியில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. விரல்கள் பாறை இடுக்கைப் பற்றியிருந்தன. பின்னால் அவள் கணவர், "சார், ஒரே ஒரு அடி எடுத்து வைங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எதுவும் அந்த ஆளின் காதில் ஏறவில்லை.

அவர் காலடியில் ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தமே கேட்கவில்லை.

டீச்சர் ஒரு கையை அவரை நோக்கி நீட்டினாள். எட்டவில்லை.

பாப்பா சட்டென்று இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கியது. டீச்சர் பிடிப்பதற்குள் அந்தக் குறுகலுக்குள் ரெண்டடி போய்விட்டது. அங்கே நின்றுகொண்டு காடே அதிரக் கத்தியது.

"அப்பா! பயமா இருக்கு! நான் விழுந்துடுவேன்! சீக்கிரம் வந்து கையைப் பிடிச்சுக்கோ!"

அவர் கண்கள் திறந்தன.

"இதோ வந்துட்டேன்டா தங்கம். அசையாதே. அப்பா இருக்கேன்ல, எதுக்குப் பயம்?"

ஒரு காலை எடுத்து வைத்தார். அப்புறம் இன்னொன்று. பாப்பாவின் கை அவர் கைக்குள் வந்ததும் இருவரும் ஒன்றாக இந்தப் பக்கம் வந்துசேர்ந்தார்கள். அவர் பையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

டீச்சர் குனிந்து பாப்பாவின் தலையைத் தடவினாள். "ரொம்ப பயந்துட்டியாடா கண்ணு?"

அப்பா கவனிக்கிறாரா என்று பாப்பா ஒரு பார்வை பார்த்தது. பிறகு டீச்சரின் காதைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தது.

"எனக்கு ஒண்ணும் பயமில்லை டீச்சர். அப்பாவுக்குத்தான் பயம். நான் பயந்தா, அப்பா பயப்படுறதை மறந்துடுவார். அவர்கிட்ட சொல்லிடாதீங்க!"