புது டெஸ்க்டாப்பின் பலம்

எங்கள் கணினிகளை இயக்கும் லினக்ஸில் க்னோம் என்ற புது டெஸ்க்டாப், அதாவது புதுத் திரையும் மெனுவும், வந்தபோது, "பழசு நல்லா இருக்கும்போது இந்தக் கண்றாவி எதுக்கு?" என்று கச்சிபௌலி ஆபீஸில் அதிகம் கத்தியவன் நான்தான். மென்பொருளை எப்படி உபயோகிப்பது என்று கையேடு எழுதும் குழுவுக்குத் தலைவன். கத்த எனக்கு உரிமை உண்டு.

இன்னும் நாலு குறை கண்டுபிடிக்கலாமே என்று வீட்டுக் கணினியில் அதைப் போட்டேன்.

"ராத்திரி பகலா ஓடுதே, அணைக்கக் கூடாதா?" என்றாள் மனைவி சாருலதா.

"அதோட பலத்தைச் சோதிக்கிறேன்."

மாதக் கடைசியில் ஆபீஸில், குழுவின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் கட்சி மாறிப் பேசினேன். "ஒரு மாசமா ஓடுது நோவா, ஒரு தடவைகூட அணைக்கலை. பழசு இப்படித் தாங்குமா?"

என்னை நம்பி, நோவா மறுநாளே குழு முழுக்க அதைப் போட்டுவிட்டான்.

சாயங்காலம் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கணினியை அணைக்காமல் யாரும் கிளம்பக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நோவா தயங்கியபடி என்னிடம் வந்தான். "சார், எல்லாம் சூப்பர். இதை எப்படி அணைக்கிறது? மெனுவில காணோமே."

பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது.

"தெரிஞ்சிருந்தா முதல் நாளே அணைச்சிருக்க மாட்டேனா?" என்றேன்.