இரவல் திருடன்

“திருடன் இருக்காரா, இல்லே யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?”

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர நூலகத்தின் மேல்மாடியில் அந்த அம்மாள் கேட்ட கேள்வி மண்டபம் முழுக்க எதிரொலித்தது. வாசல் மேஜையிலிருந்த லெர்கே முகம் மலர்ந்து எழுந்தாள். மூலை நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ரூனே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

லெர்கேயின் தொண்டு அமைப்பு சனிக்கிழமைதோறும் மனிதர்களைப் புத்தகங்களாக இரவல் கொடுத்தது. ஊர் ஒதுக்கிவைக்கும் ஒருவரை அரை மணி நேரம் எதிரே உட்காரவைத்து என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ‘பார்வையில்லாத சமையல்காரர்’, ‘போருக்குத் தப்பி வந்தவள்’ இருவருக்கும் வரிசை நின்றது. ‘முன்னாள் திருடன்’ மட்டும் இரண்டு வாரமாகத் தூசி படிந்து கிடந்தான்.

இன்றும் யாரும் எடுக்காவிட்டால் அலமாரியிலிருந்து இறக்கிவிடுவார்கள். சிறையை விட்டு வந்த பிறகு, ஊர்க்காரர் யாராவது தன்னோடு உட்கார்ந்து பேசுவார்கள் என்று ரூனே நம்பியிருந்த ஒரே இடம் இது. அது போய்விடுமோ என்று காலையிலிருந்தே அவனுக்கு மனசு அடித்துக்கொண்டிருந்தது.

“இருக்காரு, இருக்காரு!” என்றாள் லெர்கே. “ரெண்டே விதிதான். புத்தகத்தோட மனசைப் புண்படுத்தக் கூடாது. மண்டபத்தை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது.”

“பார்ப்போம்” என்றார் அந்த அம்மாள்.

பெயர் போடில். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தீர்ப்பு எழுதி வைத்துவிட்டு வந்தவர் போன்ற முகம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, காலில் வெறும் கம்பளிச் செருப்போடு, அடிச்சத்தமே இல்லாமல் வந்து எதிரே உட்கார்ந்தார். சத்தமில்லாமல் நடப்பவர்களைக் கண்டால் ரூனேவுக்கு ஆகாது. அவனைப் பிடித்தவர்கள் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான்.

“வணக்கம்மா, என் பேரு ரூனே. எனக்கு அப்போ பதினஞ்சு வயசு. சேர்க்கை சரியில்லை…” என்று, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை அவன் ஆரம்பித்தான்.

“முன்னுரை எல்லாம் இருக்கட்டும், புத்தகமே. நேரா விஷயத்துக்கு வாங்க. பழைய கட்டடம், மூணாவது மாடி, சாத்தினா தானாப் பூட்டிக்கிற கதவு. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

கேள்வி ரூனேவுக்கு உறுத்தியது. ஆனால் எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்வதுதான் புத்தகத்துக்கு அழகு என்று லெர்கே சொல்லியிருக்கிறாளே.

“அந்த மாதிரிக் கதவுன்னா… காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

“கீறல் விழுமா?”

“கீறலா? என் கையாலயா?” என்று சிலிர்த்துக்கொண்டவன், அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டான். நுணலும் தன் வாயால் கெடும்.

போடில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “உள்ளே பூனை இருந்தா?”

“பூனை ஒண்ணும் செய்யாதும்மா, அது எங்களுக்குப் பங்காளி. அது சரி, யார் வீட்டைப் பத்திக் கேக்கறீங்க?”

“வேற யார் வீட்டை? என் வீட்டைத்தான். பின் தெரு, சர்ச்சுக்கு எதிர்ல. பச்சைக் கதவு.”

பச்சைக் கதவு. ரூனே திறந்த பச்சைக் கதவுகள் ஒன்றா இரண்டா? கதை கேட்க வந்தவரில்லை இவர், கணக்குத் தீர்க்க வந்தவர் என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று.

“அம்மா, உங்க வீட்லேர்ந்து எதையாவது எடுத்திருந்தேன்னா மன்னிச்சிருங்க. எத்தனையோ வீட்டுக்குள்ள போயிருக்கேன், ஒரு வீட்லயும் யாரும் என்னை ‘வாங்க’ன்னு கூப்பிட்டதில்லை. இப்போ பேக்கரியில ரொட்டி சுடறேன். ரெண்டு வருஷமா அடுத்தவங்க பூட்டைத் தொட்டதே இல்லை.”

உண்மையாகவே அவமானமாக இருந்தது அவனுக்கு.

“ரெண்டு வருஷமாவா?” போடிலின் முகம் வாடியது. “அடடா, கை மறந்து போயிருக்குமோ?”

குத்திக் காட்டுகிறார். ரூனே தலையைக் குனிந்துகொண்டான். போடில் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார், சட்டென்று எழுந்தார், அவன் சட்டைக் கையைப் பிடித்து வாசல் மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனார். சமையல்காரருக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லெர்கே பதறி எழுந்தாள். “என்ன ஆச்சு? புத்தகம் ஏதாவது தப்பாப் பேசிடுச்சா?”

இனி என்ன இருக்கிறது? ரூனே நெஞ்சில் குத்தியிருந்த ‘முன்னாள் திருடன்’ அட்டையைத் தானே கழற்றி மேஜைமேல் வைத்தான். அவர்கள் சொல்லுமுன் தானே இறங்கிவிடுவது மரியாதை.

“அதை ஏன் கழட்டறீங்க?” என்று போடில் அவனை அதட்டிவிட்டு, லெர்கேயிடம் திரும்பினார். “நல்ல புத்தகம். இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்.”

“ஐயோ, அது விதியிலேயே கிடையாதேம்மா!”

“விதி கிடக்குது! நீங்க வாங்க ரூனே, வீட்டுக்கு; குப்பை கொட்டக் கீழே வந்தவ சாவியை உள்ளேயே வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டேன்!”